கொழும்பு பார்க்கப் புறப்படுமுன்

பாடசாலை விடுமுறை தொடங்கிவிட்டால், தலைநகரில் வீடு வைத்திருப்போர்க்குப் புதிய உத்தியோகமொன்று வந்து சேர்கின்றது. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் உறவினர் வருவர். வந்தவர்களுக்கு ஊர் காட்டவேண்டும். பாமன்கடையில் வாழும் நமக்கும் இவ்வுத்தியோகம் ஆண்டுதோறும் தவறாமற் கிடைத்து வருகின்றது. இதற்குச் சம்பளம் இல்லை. ஆனாற் பழி உண்டு. காட்டிய முறை நன்றாக அமையாவிடின், அடுத்த விடுமுறை வரையில் அப்பழி நம்மை விட்டு நீங்காது.

சென்ற ஆண்டு அத்தகைய பழியொன்றை நாம் நன்றாகவே சம்பாதித்துக்கொண்டோம். வடமராட்சியிலிருந்து நம் பெரியம்மாவும், அவர் மகளும் மருமகனும், பேரப்பிள்ளைகள் இருவரும் வந்திருந்தனர். ஒரே நாளிற் கொழும்பு முழுவதையும் காட்டிவிடுவதெனத் தீர்மானித்து, ஒரு தாளில் ஒன்பது இடங்களை வரிசையாக எழுதினோம். தெகிவளை மிருகக்காட்சிச்சாலை, நூதனசாலை, விகாரமகாதேவிப் பூங்கா, சுதந்திர சதுக்கம், கங்காராமை விகாரை, தாமரைக் கோபுரம், புறக்கோட்டை, கொச்சிக்கடை, காலிமுகத்திடல் என்பன அவை. வான் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, வேலை நாளொன்றிற் காலை 8 மணிக்குப் புறப்பட்டோம்.

தாளில் ஒன்பது இடங்கள் இருந்தன. கண்ணாற் கண்டவை மூன்று. அவற்றுள்ளும் காலிமுகத்திடலை இருட்டிலேதான் கண்டோம். ஏனையவை வானின் யன்னற் கண்ணாடிக்கு அப்பால் நகர்ந்து சென்றன. சில வேளைகளில் நகராமலும் நின்றன. மருதானையில் ஒரு மணி நேரத்துக்குக் கிட்ட அசையாது இருந்தோம். பிள்ளைகள் உறங்கிவிட்டனர். பெரியம்மாவின் கால்கள் வீங்கிவிட்டன. இரவு வீடு திரும்பியபின், "கொழும்பு எப்படி, பெரியம்மா?" என்று கேட்டோம். சிறிது யோசித்து, "வான் நல்ல வான், தம்பி" என்றார். அதற்குமேல் ஒரு தண்டனையும் வேண்டுமோ?

இவ்வாண்டு அக்குடும்பத்தார் மீண்டும் வருவதாக எழுதியபோது, நாம் முதலிற் செய்த காரியம் கடதாசியை எடுத்து எழுதுவதன்று. இந்நகரத்தில் ஏன் இத்துணை நெருக்கடி என்பதை யோசித்ததேயாகும். நோயின் காரணம் தெரியாமல் மருந்து கொடுக்கலாகாதல்லவா?

கொழும்பின் மேற்கெல்லை கடல். அப்பக்கம் ஒரு வண்டியும் விலகிச் செல்ல இடமில்லை. கடலையொட்டிப் புகையிரதப் பாதை. நடுவிலே பேரை வாவி. இடையிடையே வெள்ளவத்தை, தெகிவளை, கிருலப்பனைப் பக்கங்களில் வாய்க்கால்கள். இவற்றைக் கடக்கும் பாலங்கள் சிலவே. ஆகையால் வண்டிகளெல்லாம் அப்பாலங்களிலேயே வந்து கூடுகின்றன. காலி வீதி, ஹைலெவல் வீதி, கண்டி வீதி முதலிய பெருவீதிகள் யாவும் விசிறியின் கம்பிகள்போல் நகரின் வடமேற்கு மூலையிலுள்ள கோட்டையையும் துறைமுகத்தையும் நோக்கியே வந்தவை. வெள்ளையர் காலத்திற் சரக்கு துறைமுகத்துக்குச் செல்ல அவ்வமைப்பு ஏற்றதாயிருந்தது. இன்று அலுவலகத்துக்கும் பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் செல்வோர் அனைவரும் அதே கம்பிகளின் வழியே நெருங்குகின்றனர். 1899ஆம் ஆண்டில் ஓடத்தொடங்கிய டிராம் வண்டி 1960இல் நின்றது. 1953இல் வந்த துரொலி பஸ் 1964இல் நின்றது. மோட்டார் வண்டிகளோ ஆண்டுதோறும் பெருகின. நெருக்கடி பெருகியதில் வியப்பென்ன?

இதனை உணர்ந்தபின் மூன்று விதிகளை வகுத்துக்கொண்டோம். வாசகர்களுக்கும் அவை உதவக்கூடும்.

முதலாவது விதி: ஒரு நாளுக்கு ஒரு திசை. தெற்கே தெகிவளைக்கும் வடக்கே கொட்டாஞ்சேனைக்கும் ஒரே நாளிற் செல்ல எண்ணுவது, இரண்டு கல்யாண வீடுகளில் ஒரே பந்தியில் உண்ண எண்ணுவது போலாகும். ஒரு திசையில் ஒரு பெரிய இடம், அதனருகே நடந்து செல்லக்கூடிய சிறிய இடம் ஒன்று. அவ்வளவே போதும்.

இரண்டாவது விதி: மணிக்கூட்டையும் நாட்காட்டியையும் பார்த்த பின்னரே வீதியைப் பார்த்தல். பாடசாலை நாட்களிற் காலை 7.30க்கு முன்னரும், பாடசாலை விடும் 1.30 மணியை ஒட்டியும், மாலை அலுவலகங்கள் விடும்போதும் வெளிக்கிடுவது வீண். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நகரம் வேறொரு நகரம். ஆனாற் புறக்கோட்டையின் கடைகளிற் பல அன்று பூட்டியிருக்கும். போயா தினங்களில் வீதி வெறுமையாயிருக்கும் என்று நம்பிச் செல்வோர், வெசாக் போயாவை மட்டும் மறக்கலாகாது. அன்றிரவு வெளிச்சக் கூடுகளையும் பந்தல்களையும் காண ஊரே வீதியில் நிற்கும். அந்நெருக்கடியே பார்க்கத்தக்க காட்சி என்பது வேறு விஷயம்.

மூன்றாவது விதி: வீதி அடைபட்டிருக்கையிற் புகையிரதம் திறந்திருக்கின்றது. வெள்ளவத்தை நிலையத்தில் ஏறினால், பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு வழியாகக் கோட்டையை அடையலாம். காலி வீதியில் ஊர்ந்து செல்லும் வண்டிகளுக்குக் கிடைக்காத கடற்காட்சி, மிகச் சிறிய கட்டணத்தில் இங்கே கிடைக்கின்றது. கோட்டைக்குச் செல்கையில் இடப்பக்கத்து யன்னலைப் பிடித்துக்கொள்க. அலுவலக வேளையில் மட்டும் முதியோரை இதில் ஏற்றவேண்டாம்; நிற்பதற்கும் இடம் இராது.

விதிகள் தயாராயின. பெரியம்மாவின் குடும்பமும் இரவுப் பஸ்ஸில் வந்திறங்கியது. இம்முறை இடங்களை நாம் எழுதவில்லை. "உங்களுக்குப் பார்க்க விருப்பமான ஓர் இடத்தை மாத்திரம் சொல்லுங்கள்" என்று ஒவ்வொருவரையும் கேட்டோம். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பேத்தி நூதனசாலை என்றாள். எட்டு வயதுப் பேரன் புகையிரதமும் பட்டமும் என்றான். தாமரைக் கோபுரத்தையும் சேர்த்துச் சொன்னான். ஓர் இடம்தான் என்று கண்டிப்பாய்க் கூறியபோது கோபுரத்தை அடுத்த விடுமுறைக்கு ஒதுக்கினான். ஏறக்குறைய 350 மீற்றர் உயரமான அக்கோபுரம் நகரின் பெரும்பாலான மூலைகளிலிருந்து தெரிவதால், அவனுக்குப் பெரிய நட்டம் ஒன்றுமில்லை.

பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் முறை கேட்டோம். "நான் எத்தனையோ தரம் கொழும்புக்கு வந்திட்டன், தம்பி. ஒரு நாளும் கொழும்பைப் பார்க்கேல்லை" என்றார்.

அச்சொல் நம்மைத் திடுக்கிட வைத்தது. உண்மைதானே? அவர் வைத்தியசாலைக்கு வந்திருக்கிறார். கடவுச்சீட்டு அலுவலகத்துக்கு வந்திருக்கிறார். விசாவுக்காகத் தூதரக வாயிலில் வரிசையில் நின்றிருக்கிறார். 2007ஆம் ஆண்டில், மகனை வெளிநாடு அனுப்புவதற்காகக் கொட்டாஞ்சேனை விடுதியொன்றில் நான்கு மாதம் தங்கியிருந்தார். பொலிஸ் பதிவுத் துண்டும் அடையாள அட்டையும் இன்றித் தெருவில் இறங்க அஞ்சிய காலம் அது. அவ்வாண்டு யூன் 7ஆந் திகதி கொழும்பு விடுதிகளில் இருந்த தமிழர் பலர் பஸ் வண்டிகளில் ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டதையும், மறுநாளே உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்து இடைக்காலக் கட்டளை பிறப்பித்ததையும் வாசகர்களிற் பலர் அறிவர். அந்த நான்கு மாதத்திற் பெரியம்மா அறிந்த கொழும்பு ஓர் அறை, ஒரு யன்னல், ஒரு படிக்கட்டு. கடல் நடக்கும் தூரத்தில் இருந்தது, கண்டதில்லை. பொன்னம்பலவாணேசர் கோயில் மணி கேட்டது, சென்றதில்லை.

"அந்தக் கோயிலுக்கு ஒருக்கால் போகவேணும்" என்றார் முடிவில்.

நாம் சென்ற ஆண்டு எழுதிய ஒன்பது இடங்களிற் கொச்சிக்கடையும் இருந்தது. எட்டாவதாக இருந்தது. அதனைச் சேருமுன்னரே பொழுது சாய்ந்துவிட்டதால், அதைத்தான் முதலில் வெட்டினோம். முதியவரிடம் ஒரு சொல் கேட்டிருந்தால் அது முதலாவதாக இருந்திருக்கும். ஊர்ப்பயணம் திட்டமிடுவோர் வீதிப்படத்தை விரிப்பதற்கு முன் வீட்டிலுள்ளோரின் மனத்தை விரித்துப் பார்க்கவேண்டும் என்பதை நாம் கற்றது இவ்வாறுதான்.

பயணத்தை மூன்று நாட்களாகப் பிரித்தோம்.

முதல் நாள் மாலை, பேரனுக்காகப் புகையிரதம். கோட்டையில் இறங்கி, சதாம் வீதியில் 1857இல் எழுந்த வெளிச்சவீட்டு மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பார்த்துவிட்டு, ஓட்டோவிற் காலிமுகத்திடலுக்குச் சென்றோம். ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1859இல் உலாவிடமாகத் திருத்தப்பட்ட திடல் அது. பட்டமும் இறால் வடையும் அங்கே இன்றும் குறைவின்றி உண்டு. வடக்கே கடலை நிரப்பி உண்டாக்கிய துறைமுக நகரம், 269 ஹெக்டேயர் பரப்பில் விரிந்து கிடக்கின்றது. கொழும்பில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 6 மணிக்கும் 6.30 மணிக்கும் இடையிற் சூரியன் மறைவதால், 5 மணிக்குச் சென்றாற் போதும். வெயில் தணிந்திருக்கும்.

இரண்டாம் நாள், பேத்திக்காக நூதனசாலை. ஆளுநர் வில்லியம் கிரெகரியின் முயற்சியால் 1877இல் திறக்கப்பட்ட இக்கட்டடத்துக்குக் கிருலப்பனைப் பக்கத்திலிருந்து 138ஆம் இலக்கப் பஸ்ஸில் ஏறினாலே போதுமானது. முழுவதையும் பார்க்க முயலவில்லை. இரண்டு பொருள்களை மாத்திரம் ஆறுதலாய்ப் பார்த்தோம். ஒன்று, 1815இல் ஆங்கிலேயர் கைப்பற்றி, 1934இல் திருப்பிக் கொடுத்த கண்டி அரசரின் சிம்மாசனம். மற்றொன்று, சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டுக்குரிய கல்வெட்டு. சீனத்திற் புத்தருக்கும், தமிழில் தெவிநுவரையிற் கோயில்கொண்ட தென்னாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாமிய மரபுக்கும் காணிக்கை கூறும் அக்கல், 1911இற் காலியில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்டது. "மூன்று மொழிக்கும் ஒரே கல்லில் இடம் இருந்திருக்கிறதே!" என்றாள் பேத்தி. பாடப்புத்தகத்தில் வாசித்தபோது அவள் இவ்வாறு சொல்லவில்லை.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையில் வெள்ளவத்தையில் 155ஆம் இலக்கப் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குச் சென்றோம். வெளிக்கிடுமுன் பெரியம்மா கைப்பையில் முதலில் வைத்தது அடையாள அட்டை. பேரன், "இது ஏன், அம்மம்மா?" என்றான். "பழக்கம்" என்றார்.

பொன்னம்பல முதலியார் தொடக்கி, அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கருங்கல்லாற் கட்டுவித்த அக்கோயிலுள் வெயில் ஏறியபின்னும் குளிர்ச்சி இருந்தது. பெரியம்மா ஒரு தூணருகே அமர்ந்தார். நாம் நேரத்தைப் பார்க்கவில்லை. வேறு இடம் ஒன்றும் அன்று தாளில் இல்லாததால் பார்க்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை. பின்னர், 2019ஆம் ஆண்டு ஏப்ரில் 21ஆந் திகதி உயிர்த்த ஞாயிறன்று குண்டுக்கு இலக்காகி மீண்டெழுந்த புனித அந்தோனியார் ஆலயத்துக்குச் சென்று மெழுகுதிரி ஏற்றினோம். அங்கே சைவரும் பௌத்தரும் கத்தோலிக்கரோடு ஒன்றாய் நின்றனர்.

திரும்பும் வழியிற் பழைய விடுதியைத் தேடினார் பெரியம்மா. தெரு இருந்தது, கட்டடம் வேறாயிருந்தது. ஒரு நிமிடம் நின்று பார்த்தார். "சரி, போவம்" என்றார். குரலில் துயரம் இல்லை.

முதியோருடன் செல்வோர்க்கு இன்னும் சில சொற்கள். மலசலகூட வசதி எங்கே உண்டு என்பதை முன்னரே விசாரித்து வைப்பது நம் கடமை. அவர்கள் வாய்திறந்து கேளார். கட்டுச்சோறும் தண்ணீரும் கையில் இருக்கட்டும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடிமழை வழக்கமாதலாற் குடையை மறவாதீர்கள். நடுப்பகலில் வீடு திரும்பி உறங்குவது நேர விரயமன்று. மாலைப் பயணத்துக்கு அதுவே முதல். மாணவர்க்கு ஒரு வேலை கொடுங்கள்: பார்த்த ஓர் இடத்தைப் பற்றி அன்றிரவே பத்து வரி எழுதட்டும். வெள்ளவத்தையில், 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகமும் அவர்களுக்கு அருகிலேயே உண்டு.

ஊருக்குப் புறப்பட்ட இரவு, நம்முடைய பழைய கேள்வியை மீண்டும் கேட்டோம். "கொழும்பு எப்படி, பெரியம்மா?"

"கடல் எங்கட கடலைப் போலத்தான் இருக்கு. கோயில் நல்ல குளிர்ச்சி" என்றார். சற்று நேரம் கழித்து, "அடுத்த முறை அந்தக் கோபுரத்தில ஏறுவம். பெடியன் ஆசைப்படுறான்" என்றும் சேர்த்துச் சொன்னார்.

வானைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நம் உத்தியோகத்துக்கு இவ்வாண்டு சம்பளம் கிடைத்துவிட்டது. வரும் விடுமுறையில் உறவினரை வரவேற்கும் வாசகர்களும், தாளை எடுக்குமுன் ஒருமுறை கேட்டுப் பார்ப்பார்களாக.