அஞ்சடியில் கொஞ்சம் இடம்

தேக்காவில் திடீர் மழை. குடை இல்லாத எல்லாரும் ஒதுங்குவது கடைவீடுகளின் அஞ்சடியில்தான்.

வண்ண முகப்புகளையும் மரச் சன்னல்களையும் படம் எடுக்கும் நாம் காலடியில் உள்ள இந்த நடைபாதையைக் கவனிப்பதில்லை. 1822ல் ராஃபிள்ஸ் இட்ட விதி இது: ஒவ்வொரு வீட்டின் முன்னும் கூரையுள்ள வழி இருக்க வேண்டும்; அது அடுத்த வீட்டோடு தொடர வேண்டும்; எப்போதும் திறந்திருக்க வேண்டும். இடம் வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை எல்லாருக்கும்.

மாட்டு வியாபாரம் நடந்த வட்டாரம் இது. பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்ற பெயர்களே சாட்சி. கீழே கடை, மேலே தடுப்பு வைத்துப் பிரித்த நெருக்கடியான அறைகள். அங்கு தங்கிய தொழிலாளிகளுக்கு அஞ்சடிதான் திண்ணை. முடி வெட்டிக்கொண்டதும், ஊருக்குக் கடிதம் எழுதச் சொன்னதும் அங்கேதான்.

1989ல் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட பகுதியானது. கட்டடங்கள் தப்பின. ஆனால், ஞாயிறு மாலை அஞ்சடியில் உட்கார்ந்து கைப்பேசியில் மகளிடம் பேசும் ஊழியரைக் கண்டால் சிலர் முகம் சுளிக்கிறார்கள்.

நம் தாத்தாக்களும் அங்கேதான் உட்கார்ந்தார்கள். கொஞ்சம் விலகி நடப்போமே!