கூட்டாளியோடு ஒரு நடை

பள்ளிக்கூடத்தில் உங்கள் பக்கத்தில் இருந்து படித்த கூட்டாளியைக் கடைசியாக எங்கே கண்டீர்கள்? ஒரு ஜனாஸா வீட்டில், அல்லது ஒரு வலீமா விருந்தில் என்றுதான் நம்மில் பலர் சொல்வோம். ஒன்றில் பேச மனம் வராது. மற்றதில் வாய் நிறையப் புரியாணி. பிறகு எங்கே பேசுவது?

2004 அக்டோபர் 2 ஆம் திகதி லண்டனில் புஷி பார்க் என்ற பூங்காவில் 13 பேர் கூடி ஓடினார்கள். ஏற்பாடு செய்தவர் போல் சின்டன் ஹியூவிட். அவர் ஓடவில்லை. அடிபட்டு ஓட முடியாமல் இருந்த மனிதர், ஓட்டக் கூட்டாளிமாரைப் பிரிய மனமின்றி, கடிகாரத்தோடு நின்று நேரம் குறித்தார். ஓட்டம் முடிந்ததும் எல்லோருமாகக் கோப்பி குடிக்கப் போனார்கள். இப்படித் தொடங்கியதுதான் 'பார்க்ரன்'. சனிக்கிழமை காலை, 5 கிலோ மீட்டர், கட்டணம் கிடையாது. ஓடலாம், நடக்கலாம். இன்று இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: எல்லோருக்கும் பின்னால் வருவதற்கென்றே தொண்டர் ஒருவரை நியமிக்கிறார்கள். ஆகவே வேறு எவரும் கடைசி ஆள் ஆவதில்லை.

இதற்கு லண்டன் பூங்கா வேண்டியதில்லை. நம் ஊவா மலைகள் போதும். 2024 இல் ஒரு வார இறுதியில் நானும் என் பழைய கூட்டாளியும் கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை ரயிலில் ஏறினோம். ஓய்வு பெற்ற ஆசிரியர் அவர். சீனி வருத்தம், முழங்கால் வலி இரண்டும் உண்டு. பட்டிப்பொலையைத் தாண்டி, சுரங்கத்துக்குள் புகுந்து வெளியே வந்தால் ஊவா. வேறு காற்று, வேறு வெளிச்சம். முப்பது வருடத்துப் பேச்சு அந்தப் பெட்டியிலேயே பாதி முடிந்துவிட்டது. மீதிப் பாதியைச் சொல்ல முகத்துக்கு முகம் பார்க்காமல் நடக்க வேண்டும். சில கஷ்டங்களை அப்படித்தான் சொல்ல வரும்.

ஹப்புத்தளையில் இறங்கி, தோட்டத்து ஆட்களோடு பஸ்ஸில் தம்பத்தென்னை தொழிற்சாலைக்குப் போனோம். 1890 இல் தோமஸ் லிப்டன் கட்டியது. அங்கிருந்து லிப்டன் சீட் ஏறத்தாழ 7 கிலோ மீட்டர் ஏற்றம். கண்டி ஹந்தானையில் தொடங்கி ஹப்புத்தளை, எல்ல, தெமோதரை எனச் சுற்றி நுவரெலியா வரை 300 கிலோ மீட்டருக்கும் மேல் நீளும் 'பெக்கோ' நடைபாதையும் இந்தப் பக்கம் வருகிறது. வழியில் மூச்சு வாங்கும்போதெல்லாம் "என்ன அழகான காட்சி!" என்று ஒருவரை ஒருவர் நிறுத்திக்கொண்டோம். இந்தத் தந்திரம் உங்களுக்கும் உதவும்.

நாங்கள் நின்ற இடத்தில் கொழுந்து மூட்டையோடு ஒரு அம்மா எங்களைக் கடந்து போனார். "பஸ், ஆட்டோ எல்லாம் இருக்கே, எதுக்குங்க நடக்கிறீங்க?" என்றார். கூட்டாளி தன் சீனி வருத்தத்தைச் சொன்னார். "எனக்கும் அதுதான் சார். நான் தெனமும் நடந்துகிட்டுத்தானே இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். நாங்கள் இருவரும் கொஞ்ச தூரம் பேசவில்லை. எங்களுக்கு ஒரு நாள் நடை. அவருக்கோ நிறுத்த முடியாத நடை. தினமும் சொன்ன கிலோ கொழுந்து பறித்தால்தான் முழுப் 'பேர்' விழும், குறைந்தால் அரைப் பேர். வயிற்றுக்குக் கோதுமை ரொட்டியும் சீனி கடித்துக் குடிக்கும் தேத்தண்ணியும். நடந்தால் சீனி வருத்தம் ஓடிவிடும் என்று நம்புகிறவர்கள் அந்த அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடும் ஓய்வும் மருந்தும் சேர வேண்டும். டொக்டர் தந்த குளிசையை நடையை நம்பி நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொன்று. இப்படிப் போவது ஆண்களுக்கு மட்டும் என்று யார் சொன்னது? ஒரு பிரயாணத்தில் நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப் போட்டி வைத்தார்கள். அந்த முறை ஆயிஷா முந்தினார்கள். பிறகு அவர்கள் உடல் கனத்திருந்த காலத்தில் நடந்த போட்டியில் நபியவர்கள் முந்தி, அதற்கு இது சரி என்றார்கள். அபூதாவூதில் உள்ள செய்தி. நம் வீட்டுப் பெண்களோ குசினிக்கும் கிணற்றடிக்கும் நடந்தே முழங்காலைத் தேய்க்கிறார்கள்.

போக விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தில் பல உயிர்களைக் கொண்டுபோனது. மலையக ரயில் பாதையும் பல இடங்களில் சிதைந்தது. புறப்படுமுன் ரயிலையும் பாதையையும் விசாரியுங்கள். மழை பிடித்தால் மண் சரியும் மலைகள் அவை. அன்று போகவே வேண்டாம். அட்டைக்குச் சவர்க்காரம் பூசிக்கொள்ளுங்கள். லயத்துப் பக்கம் போனால் வீட்டு வாசல்களைப் படம் பிடிக்காதீர்கள்.

என் கூட்டாளி இப்போது ஞாயிறுதோறும் தன் ஊர் மைதானத்தைச் சுற்றுகிறார். மனைவியும் வருகிறார். தான் இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் அவர் மூன்று சுற்றி விடுகிறாராம்; போன கடிதத்தில் அதைத்தான் முறைப்பாடாக எழுதியிருந்தார்.