விடை மட்டும் போதாது, வழிமுறையும் வேண்டும்



அமெரிக்காவில் உருவான எம்எம்5 போன்ற பழைய வானிலைக் கணிப்பு நிரல்கள் ஃபோர்ட்ரானில் எழுதப்பட்டவை. இன்றைய கம்ப்யூட்டரில் இப்படிப்பட்டவற்றை கம்பைல் செய்தால் பிழைப் பட்டியல் நீளும். ஒரே துணைநிரலுக்கு ஓரிடத்தில் முழு எண், இன்னோரிடத்தில் தசம எண் அனுப்புவதை, 2020-இல் வந்த ஜிஃபோர்ட்ரான் 10 பிழை என்றே நிறுத்திவிடுகிறது. 'அலவ் ஆர்க்யுமென்ட் மிஸ்மேட்ச்' என்ற ஆப்ஷன் கொடுத்தால் வழிவிடும். இது தெரியாதவர் நாள்கணக்கில் திண்டாடுவார்.

ஓடாத நிரல் சொன்ன முடிவை யார் சரிபார்ப்பது? சரிபார்க்க முடியாததை அறிவியல் என்று எப்படி நம்புவது? கணக்கில் விடை மட்டும் எழுதினால் நான் முழு மதிப்பெண் போட்டதில்லை.

ஐ.டி.யில் இருக்கும் பிள்ளைகளே, எந்த கம்பைலர், எந்தப் பதிப்பு, எந்த ஆப்ஷன் என்று நிரலோடு சேர்த்தே எழுதி வையுங்கள்.