கால்பந்து வீரருக்கு 72 மணி நேரம்... நமக்கு?



மறைமலை நகர், ஒரகடம் பக்கம் ராத்திரி டர்ஃப் எல்லாம் லைட் போட்டு ஜெகஜோதியா இருக்கு. ஷிஃப்ட் முடிச்ச தம்பிங்க கால்பந்து ஆடுறாங்க. ரொம்ப நல்ல விஷயம். ஆனா மறுநாள் கால்வலியோட வந்து கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: "டாக்டர், பிளேயர்ஸ் மாதிரி ஐஸ் பாத் எடுக்கலாமா? மசாஜ் கன் வாங்கலாமா?"

வாங்க, பார்க்கலாம் 👇

1️⃣ தொழில்முறை வீரர் ஒரு மேட்சில் 10 முதல் 12 கிலோமீட்டர் ஓடுகிறார். நடுவில் திடீரென நிற்பது, திரும்புவது, குதிப்பது வேறு. இதில் தசை இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. தசையில் சேமித்து வைத்த கிளைகோஜன் என்ற எரிபொருள் பெருமளவு தீர்ந்துபோகிறது. வியர்வையில் தண்ணீரும் உப்பும் போகின்றன. இதெல்லாம் பழைய நிலைக்கு வர 48 முதல் 72 மணி நேரம் ஆகும்.

2️⃣ அதனால்தான் சென்னையின் எஃப்சி போல ஐஎஸ்எல் ஆடும் அணிகளில் பிசியோ உண்டு. மேட்சுக்கு மறுநாள் முழு நேரம் ஆடியவருக்குப் பொதுவாக லேசான சைக்கிளிங், நீச்சல் போன்றவைதான். அவர் சும்மா இருப்பதாகத் தோன்றும். உண்மையில் உடம்பு உள்ளே ரிப்பேர் வேலை பார்க்கிறது.

3️⃣ ஐஸ் பாத்? வலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். தசை வளர்க்க ஜிம் போகிறவர்கள் ஒவ்வொரு முறையும் பயிற்சி முடிந்ததும் ஐஸில் இறங்கினால், தசை வளர்ச்சி குறையவும் வாய்ப்புண்டு. பணத்தை மிச்சம் பிடிங்க.

4️⃣ முதல் மருந்து தூக்கம். 7 முதல் 9 மணி நேரம். நைட் ஷிஃப்ட் முடிச்சு நேரா கிரவுண்டுக்குப் போகாதீங்க. முதல்ல தூங்குங்க, அப்புறம் ஆடுங்க.

5️⃣ அடுத்தது சாப்பாடு. ஆடி முடித்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சோறோ இட்லியோ, கூடவே புரதம். மூணு முட்டையில் சுமார் 18 கிராம் புரதம் இருக்கு. முட்டை சாப்பிடாதவங்களுக்கு சுண்டல், பால், பன்னீர்.

6️⃣ ஆடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்க. 1 கிலோ குறைந்திருந்தால் ஒன்றரை லிட்டர் தண்ணீர், கொஞ்சம் கொஞ்சமாக. உப்பு போட்ட மோர் அருமை. சர்க்கரை, பிபி, கிட்னி பிரச்சினை உள்ளவர்கள் உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

7️⃣ ‼️ வலிக்குது என்று மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு திரும்ப ஆடாதீங்க. தண்ணீர்ச் சத்து குறைந்த உடம்பில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்க.

8️⃣ இப்போது என் கருத்து.

இரண்டு மேட்சுக்கு நடுவே குறைந்தது 72 மணி நேர ஓய்வு வேண்டும் என்று உலகக் கால்பந்தே பேசுகிறது. மூட்டை தூக்கும், எட்டு மணி நேரம் லைனில் நிற்கும் தொழிலாளியின் தசையும் அதே தசைதானே?

2023 ஏப்ரலில் ஒரு நாளைக்கு 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. வாரத்துக்கு 48 மணி நேரம் தாண்டாது, 3 நாள் லீவு கிடைக்கும் என்றார்கள். கடும் எதிர்ப்புக்குப் பின் மே 1 அன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் அறிவித்தார்.

நல்லது. ஏனென்றால் வாரக் கணக்கு காகிதத்துக்குச் சரி, உடம்புக்குச் சரிவராது. 12 மணி நேரம் வேலை, கம்பெனி பஸ்ஸில் போக வர 3 மணி நேரம். மீதி 9. அதில் குளியல், சாப்பாடு, பிள்ளைகள், வீட்டு வேலை போக 7 மணி நேரத் தூக்கம் தேறுமா? அன்றன்றைய ரிப்பேரை அன்றன்றே செய்தாக வேண்டும். திங்கள் முதல் வியாழன் வரை விட்ட தூக்கத்தை ஞாயிற்றுக்கிழமை முழுசாகத் திருப்பி வாங்க முடியாது.

மறுபடி இப்படி ஒரு பேச்சு வந்தால் சம்பளக் கணக்கோடு தூக்கக் கணக்கையும் கேளுங்க. ஓய்வு என்பது சோம்பேறித்தனம் இல்லை. அதுவும் வேலையில் ஒரு பகுதிதான்.

ஆடுங்க. நல்லா தூங்குங்க. 🙏