வட்டுவாகலில் எடுத்த பட்டியல் எங்கே?

2024 செப்டெம்பர் 23ஆம் திகதி அநுர குமார திசாநாயக்க இலங்கையின் ஜனாதிபதியாகப் பதவியேற்றார். அவரைத் தெரிவு செய்த தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் அவருக்குப் பத்தில் ஒரு பங்கு வாக்குக்கூட விழவில்லை. அதன்பின் இரண்டு மாதம்கூட முடியவில்லை. நவம்பர் 14இல் நடந்த பாராளுமன்றத் தேர்தலில் அதே மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றை அவருடைய தேசிய மக்கள் சக்தி எடுத்தது. நாடு முழுக்க 225இல் 159. தெற்கைத் தளமாகக் கொண்ட ஒரு கட்சி யாழ்ப்பாணத்தில் முதலிடத்துக்கு வந்ததை எங்கள் தலைமுறை அதற்குமுன் பார்த்ததில்லை.

இந்த வெற்றியைத் தேசிய ஒற்றுமைக்குக் கிடைத்த ஒப்புதல் என்று கொழும்பில் பலர் எழுதினார்கள். அது முழுவதும் சரியல்ல. வடக்கு மக்கள் பழைய தமிழ்க் கட்சிகளிடம் சலித்துப்போயிருந்தார்கள். ஊழல் இல்லாத ஆட்சியை விரும்பினார்கள். இந்த மனிதர் சொன்னதைச் செய்வார் போலிருக்கிறது என்று ஒரு தவணை கொடுத்தார்கள். தவணைக்குக் கெடு உண்டு.

கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் 2017 பெப்ரவரி 20இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் போராட்டத்தில் அமர்ந்தபோது மைத்திரிபால சிறிசேன ஜனாதிபதி. பிறகு கோட்டாபய ராஜபக்ச வந்தார், ரணில் விக்கிரமசிங்க வந்தார். இப்போது நான்காவது ஜனாதிபதி. பிள்ளைக்கு என்ன நடந்தது என்று தெரியாமலே இந்த இடைவெளியில் செத்துப்போன பெற்றோர் நூறு பேருக்கும் மேல். கோட்டாபய தன் காலத்தில், காணாமற்போனவர்கள் இறந்துவிட்டார்கள் என்று ஐ.நா. பிரதிநிதியிடம் ஒரே வசனத்தில் சொல்லி முடித்தார். யார், எங்கே, எப்படி, யாருடைய உத்தரவில் என்ற கேள்விகளுக்கு அதில் இடமே இருக்கவில்லை. 2022இல் ஒரு குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் தர அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. தாய்மார் வேண்டாம் என்றார்கள். அந்த மறுப்பைப் பிடிவாதம் என்று பேசியவர்களும் உண்டு. கையெழுத்திட்டுக் காசு வாங்கினால் கோவையை மூடிவிடுவார்கள் என்ற பயம் எவ்வளவு நியாயமானது என்பது, ஆணைக்குழுக்கள் முன்னால் மாறிமாறிப் போய் ஒரே சாட்சியத்தைச் சொன்னவர்களுக்குத்தான் தெரியும்.

இலங்கையில் காணாமற்போன 16,000க்கும் மேற்பட்டோரின் விபரங்களைச் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு பதிவுசெய்திருக்கிறது. அத்தனை பேரையும் ஒரே நாளில் தேடித்தா என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் அதில் ஒரு பகுதி, தேடவே தேவையில்லாத பகுதி. 2009 மே மாதம் போர் முடிந்தபோது முல்லைத்தீவு வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களைப் பற்றிச் சொல்கிறேன். அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் முன்னின்று பெயர்களைப் பதிய உதவினார் என்றும், பதிந்தவர்களைப் பேருந்துகளில் ஏற்றினார்கள் என்றும் குடும்பத்தவர்கள் சாட்சியம் சொல்லியிருக்கிறார்கள். கணவரை மனைவியே கூட்டிக்கொண்டு போய்க் கையளித்திருக்கிறார். இருட்டில் யாரோ கடத்திய கதையல்ல இது. பட்டப்பகலில், பலர் பார்த்திருக்க, அரசின் படையிடம் ஒப்படைக்கப்பட்டவர்கள். அந்தப் பாதிரியாரும் திரும்பி வரவில்லை.

ஆட்கொணர்வு மனுக்கள் முல்லைத்தீவு நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டபோது, சரணடைந்தவர்களின் பட்டியல் இருக்கிறது என்று 58ஆவது படைப்பிரிவின் தரப்பில் சொல்லப்பட்டது. கொண்டுவாருங்கள் என்றபோது வந்தது, புனர்வாழ்வு பெற்றவர்களின் பட்டியல். வழக்கு பல வருடம் இழுபட்டது. கடைசியில் 2022 டிசம்பரில் வவுனியா மேல் நீதிமன்றம், சரணடைந்தவர்களில் ஒருவரான எழிலன் எனப்படும் சசிதரன் உள்ளிட்டோரை முன்னிலைப்படுத்தும்படி இராணுவத்துக்கு உத்தரவிட்டது. அவருடைய மனைவி அனந்தி சசிதரன் வடக்கு மாகாண சபையில் இருந்தவர். நீதிமன்றப் படியேறவும் பேசவும் முடிந்தவர். அவருக்கே இன்றுவரை பதில் இல்லை. அப்படியென்றால் விசுவமடுவில் தோட்டம் செய்யும் ஒரு தாய்க்கு எந்தக் கதவு திறக்கும்?

பாதுகாப்பு அமைச்சர் யார்? ஜனாதிபதிதான். முப்படைகளின் தளபதி யார்? அவரேதான். அமைச்சர் தரவில்லை, செயலாளர் ஒத்துழைக்கவில்லை என்று சொல்ல இங்கே இடமில்லை. பட்டியலைக் கேட்கவேண்டிய அதிகாரமும் கொடுக்கவேண்டிய அதிகாரமும் ஒரே மேசையில் இருக்கின்றன.

இன்னொரு காரணமும் உண்டு, இவரிடம் உரிமையோடு கேட்பதற்கு. இவர் தலைமை தாங்கும் மக்கள் விடுதலை முன்னணியின் இரண்டாவது கிளர்ச்சி நடந்த 1987 முதல் 89 வரையான காலத்தில் தெற்கில் ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர்கள் காணாமல் ஆக்கப்பட்டார்கள். அக்கிளர்ச்சியின் கைகளாலும் பலர் இறந்தார்கள், அதுவும் சொல்லப்பட வேண்டும். 1990இல் தெற்கின் தாய்மாருடைய ஆவணங்களைச் சுமந்துகொண்டு ஜெனிவாவுக்குப் புறப்பட்ட எதிர்க்கட்சி உறுப்பினர் மகிந்த ராஜபக்ச. கட்டுநாயக்க விமான நிலையத்தில் அவரிடமிருந்து அவை பறிக்கப்பட்டன. அதே மனிதர் ஜனாதிபதியாக இருந்த காலத்தில்தான் வட்டுவாகல் நடந்தது. 2012இல் மாத்தளை வைத்தியசாலை வளவில் மண்ணைத் தோண்டியபோது நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் வந்தன. அதற்கும் இன்னும் முடிவில்லை. அந்தக் கிளர்ச்சிக் காலத்துப் பட்டலந்தை வதைமுகாம் பற்றி விசாரிக்க 1995இல் அமைத்த ஆணைக்குழுவின் அறிக்கை, இந்த அரசு வந்தபின் 2025 மார்ச்சில்தான் பாராளுமன்ற மேசைக்கு வந்தது. அதை வைத்ததற்காக இந்த அரசைப் பாராட்டுகிறேன். தன் தோழர்களுக்கு நடந்ததை முப்பது வருடம் கழித்தும் மறக்கக்கூடாது என்று நினைப்பவர், போர் முடிந்த முள்ளிவாய்க்காலை மட்டும் மறந்துவிட்டு முன்னேறச் சொல்ல முடியாது.

செம்மணியையும் பார்க்க வேண்டும். 1996இல் கிருஷாந்தி குமாரசுவாமி என்ற பாடசாலை மாணவி அங்குள்ள சோதனைச் சாவடியில் பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டார்கள். 1998இல் தண்டனை பெற்ற சிப்பாய் சோமரத்ன ராஜபக்ச, அங்கே நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டதாக நீதிமன்றத்தில் சொன்னார். மறுவருடம் தோண்டி எடுத்தது 15 உடல்கள். அத்தோடு நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில் செம்மணியை அண்டிய அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்காக மண்ணை வெட்டியபோது மறுபடி எலும்புகள். செப்டெம்பர் தொடக்கத்துக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. அவற்றோடு ஒரு நீலநிறப் பாடசாலைப் பை, பால் போத்தல், பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள். சிறையிலிருக்கும் அந்தச் சிப்பாய் சாட்சி சொல்லத் தயார் என்று அவருடைய மனைவி ஜனாதிபதிக்கே எழுதினார்.

அகழ்வை இந்த அரசு தடுக்கவில்லை, நிதியும் விடுவித்தது. ஆனால் எலும்பை எடுப்பது பாதி வேலைதான். உறவினர்களிடம் மரபணு மாதிரி எடுத்து ஒப்பிட்டால்தான் எலும்புக்குப் பெயர் கிடைக்கும். மன்னார் சதொச வளவில் 2018இல் முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளை எடுத்துவிட்டு, காலக்கணிப்பு ஒன்றோடு வழக்கு முடங்கியதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

அநுர அரசு வடக்கில் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். யாழ். பொது நூலகத்துக்கு 2025 வரவுசெலவுத் திட்டத்தில் பத்துக் கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். கடவுச்சீட்டு அலுவலகம் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. கொழும்புக்கு இரவுப் பேருந்தில் போய்வந்த செலவு மிச்சம். வடக்கில் ஐயாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட காணிகளைக் குறிவைத்து 2025 மார்ச் 28இல் வெளியிட்ட வர்த்தமானியை, மக்கள் எதிர்த்ததும் திரும்பப் பெற்றார்கள். கேட்டால் கேட்கும் அரசு என்பதற்கு அது அடையாளம்.

ஆகவேதான் கேட்கிறோம். ஜெனிவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை சாட்சியங்களைச் சேகரிப்பதை இந்த அரசும் ஏற்கவில்லை. உள்நாட்டிலேயே பார்த்துக்கொள்கிறோம் என்கிறது. நல்லது, உள்நாட்டில் செய்து காட்டுங்கள். 2016ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான காணாமற்போனோர் அலுவலகத்தின் மேல் தாய்மாருக்கு நம்பிக்கை இல்லை. புதிய கட்டடமோ புதிய தலைவரோ அந்த நம்பிக்கையைக் கொண்டுவராது. வெளிநாட்டு நிபுணர்களின் மேற்பார்வையில் மரபணுப் பரிசோதனைக்கு வழிசெய்யுங்கள். இந்த வழக்குகளை நடத்த, சட்டமா அதிபர் திணைக்களத்துக்கு வெளியே சுயாதீன வழக்குத்தொடுநர் ஒருவரை நியமியுங்கள். அரச படைக்காக வாதாடும் திணைக்களமே அந்தப் படைமேல் குற்றம் சுமத்தும் என்று யாரும் நம்பமாட்டார்கள். செம்மணிச் சிப்பாயின் வாக்குமூலத்தை அவர் உயிரோடிருக்கும்போதே எடுங்கள்.

இவற்றுக்கெல்லாம் காலமும் காசும் சட்டமும் தேவை. வட்டுவாகல் பட்டியலுக்கு அவை ஒன்றும் தேவையில்லை. ஜனாதிபதி அவர்களே, அந்தப் பட்டியல் உங்கள் அமைச்சில் இருந்தால் வெளியிடுங்கள். இல்லையென்றால், அதை யார் எப்போது அழித்தார்கள் என்பதை வவுனியா மேல் நீதிமன்றத்தில் எழுத்தில் கொடுங்கள்.