முதலில் குழாயைப் போடுங்கள்

வடக்கு ஜாவாவில் பான்டன் முதல் கிரெசிக் வரை சுமார் 500 கிலோமீட்டருக்குக் கடல் சுவர் எழுப்பியே தீருவது என்று இந்தோனேசிய ஆட்சியாளர்கள் பிடிவாதமாக நிற்கிறார்கள். மதிப்பீடு 8,000 கோடி டாலர். இதற்கென்று தனி ஆணையமும் அமைத்தாகிவிட்டது. ஜகார்த்தாவில் குடிநீர்க் குழாய் எட்டாத தெருக்கள்தான் இன்னும் காத்துக் கிடக்கின்றன.

கடல் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர்கிறது. வடக்கு ஜகார்த்தாவில் தரை ஆண்டுக்குப் பல சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது. 1970-களுக்குப் பிறகு 4 மீட்டர் வரை தாழ்ந்த இடங்களும் உண்டு. ஆழ்துளைக் கிணறுகள் நீரை உறிஞ்ச உறிஞ்ச அடியிலுள்ள களிமண் அமுங்குகிறது. அப்படி அமுங்கிய மண் எத்தனை மழை பெய்தாலும் பழைய உயரத்துக்கு வராது. ஓட்டல்களும் ஆலைகளும் வணிக வளாகங்களும் உறிஞ்சியது போக, குழாய் இல்லாத ஏழையும் தன் பங்குக்கு உறிஞ்சுகிறான். அவன் வேறென்ன செய்வான்? கடலோரத்தில் கிணற்று நீர் உப்புக் கரிக்கிறது. துணி துவைக்க அது போதும். உலை வைக்கத் தள்ளுவண்டியில் வரும் கேன் தண்ணீர்தான். குழாய் உள்ள வீட்டுக்காரர் கொடுப்பதைவிட அதற்குப் பல மடங்கு விலை. பெரிய கட்டடங்கள் நிலத்தடி நீர் எடுக்க 2023 ஆகஸ்டில் தடை வந்தது. சிறிய வீட்டுக்கு மாற்று நீர் எங்கே?

இதில் சுவர் எதை நிறுத்தும்? அதுவும் அந்தச் சேற்றில்தானே நிற்கப் போகிறது! வடக்கு ஜகார்த்தாவின் முவாரா பாருவில் இப்போதுள்ள தடுப்புச் சுவருக்கு வெளியே, கடல் நீரில் பாழடைந்து நிற்கும் வால் அதுனா பள்ளிவாசலைப் போய்ப் பார்க்கட்டும். ஜகார்த்தாவின் ஊடே ஓடும் 13 ஆறுகளின் வாயையும் அடைத்துவிட்டால், சாக்கடையோடு சேர்ந்து தேங்கும் நீரைக் காலமெல்லாம் பம்பு வைத்து இறைக்க வேண்டும்.

இவர்களுக்கு இது புதிதல்ல. ஆள் மாறும், நாற்காலியின் குணம் மாறாது. 1997-ல் குடிநீர் விநியோகத்தைத் தனியாரிடம் 25 ஆண்டுக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். கெடு முடிந்தபோதும் ஏராளமான வீடுகளுக்குக் குழாய் போகவில்லை. 2014-ல் கருடன் வடிவில் கடற்சுவர் என்று படம் காட்டினார்கள். செயற்கைத் தீவுகள் 17 என்றார்கள். அவற்றில் 13-க்கான அனுமதி 2018-ல் ரத்தானது. 2019-ல் தலைநகரையே காலிமந்தானுக்குக் கொண்டுபோகிறோம் என்று அறிவித்தார்கள். மூழ்கும் ஊரின் மக்களையும் கொண்டுபோவதாக யாரும் சொல்லவில்லை.

டோக்கியோவும் இப்படித்தான் தாழ்ந்தது. 1956 முதல் சட்டம் போட்டு, ஆலைகளுக்கு மாற்று நீர் தந்து, கிணறுகளை மூடவைத்தார்கள். 1970-களில் சரிவு பெருமளவு அடங்கியது. நாடா வெட்டிப் படம் பிடித்துக்கொள்ள அதில் வாய்ப்பில்லை. இவர்களுக்குப் பிடிக்காமல் போனதற்கு அதுதான் காரணமோ என்னவோ. ஒப்பந்தக்காரர்களை அழைக்குமுன், நகரத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதற்கு உருப்படியான வழியொன்றை இந்த அரசு மக்கள் முன் வைத்தாக வேண்டும்.