எண்ணுதல் வேறு, ஒப்புவித்தல் வேறு

"எங்கள் பிள்ளை நூறு வரை தடையின்றிச் சொல்வான்" என்று பெருமையுடன் கூறும் தாய்மார் பலர். அப்பிள்ளையின் முன்னே ஏழு புளியங்கொட்டைகளைப் பரப்பி, "இவை எத்தனை?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு கொட்டையை இருமுறை தொடும் பிள்ளையும் உண்டு. ஒன்றைத் தொடாது விட்டுச் செல்லும் பிள்ளையும் உண்டு. ஏழு வரை பிழையின்றி எண்ணி முடித்த பின்னும், "ஆகவே எத்தனை?" என்றால் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவோரும் உளர்.

இதனை மந்தபுத்தி என்று எண்ணிவிடலாகாது. எண்களின் பெயர்களை வரிசையாகச் சொல்வது நாவின் பழக்கம். ஒரு பொருளுக்கு ஒரு பெயரே உரியது என்பதையும், இறுதியிற் சொன்ன பெயரே முழுத் தொகை என்பதையும் உணர்வதுதான் எண்ணுதல். இவ்வுணர்வு மெல்ல மெல்லவே வரும். சுவிற்சர்லாந்து அறிஞர் பியாஜே, 1941ஆம் ஆண்டில் வெளிவந்த நூலில் இதனை விளக்கினார். சம எண்ணிக்கையுள்ள இரு வரிசைகளுள் ஒன்றைச் சற்று அகலப் பரப்பினால், நான்கைந்து வயதுப் பிள்ளைகள் பலர் அதிலேதான் கூடுதலாக உண்டு என்று கூறுவதை அவர் கண்டார். ஏசுவதால் இது மாறாது. பிள்ளை தானே பொருள்களைப் பரப்பியும் சேர்த்தும் பார்க்கவேண்டும்.

கூட்டலுக்கும் அக்கொட்டைகளே போதும். ஒரு சிரட்டையில் ஐந்தும் வெளியே மூன்றும் வையுங்கள். தொடக்கத்திற் பிள்ளை எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து எண்ணும், எண்ணட்டும். சில நாட்கள் சென்றபின், ஐந்து கொட்டைகளையும் எண்ணச் செய்து, சிரட்டையைக் கையால் மூடிவிடுங்கள். அப்பொழுது ஐந்தை மனத்தில் வைத்து, "ஆறு, ஏழு, எட்டு" என்று தொடர்ந்து எண்ணப் பழகும். இரண்டும் ஆறும் கூட்டுவதற்கு ஆறிலிருந்து தொடங்குவது எளிதென்பதையும் பின்னர் தானே கண்டுகொள்ளும்.

கழித்தலும் இவ்வாறே. எட்டுக் கொட்டைகளுள் சிலவற்றைச் சிரட்டையால் மூடி, எஞ்சிய ஐந்தைக் காட்டி, "மறைந்தவை எத்தனை?" என்று கேளுங்கள். ஐந்தும் மூன்றும் எட்டு என்பதும், எட்டில் ஐந்து போனால் மூன்று என்பதும் ஒரே செய்தியென்று அப்போது விளங்கும்.

பத்தைக் கடந்ததும் நம் மொழியே துணைநிற்கிறது. பதினொன்று, பதின்மூன்று என்னும் பெயர்களுள் பத்து மறைந்திருக்கிறதன்றோ! பத்து ஈர்க்குத் துண்டுகளை ஒரு கட்டாகக் கட்டி, அதனருகே மூன்று தனித் துண்டுகளை வைத்துக் காட்டுங்கள்.

பிள்ளை விரல் மடக்கி எண்ணினால் தடுக்கவேண்டாம். தேவை தீர்ந்ததும் அப்பழக்கம் தானே நீங்கும். விளங்காத கணக்கை விளங்கியதாக நடிக்கும் பிள்ளைதான் பின்னர் கணக்கென்றாலே நடுங்குகிறது. "உனக்குக் கணக்கு வராது" என்ற சொல் எந்த வீட்டிலும் கேட்கலாகாது.

ஓர் எச்சரிக்கை: குன்றிமணி நஞ்சுடையது, அதனை விளையாடக் கொடாதீர்கள். வாயிலும் மூக்கிலும் பொருள்களை இடும் வயதுக் குழந்தைக்குக் கொட்டைகளும் ஆகா. தேக்கரண்டி, கோப்பை போன்ற பெரிய பொருள்களே தக்கவை.

நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும். பிள்ளை சலிப்படையுமுன் நிறுத்திவிடுங்கள். மறுநாள் தானே சிரட்டையைத் தேடிக்கொண்டு வரும்.